நாலு நிமிடத்தில் பக்கத்து ஊர்

மனித குலம் தூரத்தை வென்றுவிட்டது. வென்றவர் எங்கள் விமானத் துறை இயக்குநர். தோற்றது, எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் அடுத்த பெருநகரத்து விமான நிலையத்துக்கும் நடுவே திமிராகக் கிடந்த தூரம்.

முன்பு அங்கே பறக்க ஒரு மணி நேரம் ஆகும். விவரம் கெட்டவர்களாக இருந்தால் வேகமான விமானம் வாங்கியிருப்பார்கள். எங்கள் இயக்குநர் விமானத்தைத் தொடவே இல்லை. நிலையங்களை நகர்த்தினார்! எங்கள் நிலையம் அவர்கள் ஊரைப் பார்த்து நகர்ந்தது. அவர்கள் நிலையம் எங்கள் ஊரைப் பார்த்து நகர்ந்தது. இப்போது 'வான் நேரம்' நாலே நிமிடம். அந்த 'வான் நேரச் சுருக்கப் பிரிவில்' நானும் ஒரு துரும்பு.

ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பொறியாளர் மட்டும் கை தூக்கினார்.

"சார், வீட்டுலேருந்து ஏர்போர்ட் போகவே இப்ப மூணு மணி நேரம் ஆகுதே?"

"வானத்துலயா, தரையிலயா?"

"தரையில சார்."

"அது வேற துறை."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி அந்தப் பெருநகரத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். ஒருநாள் விடிந்ததும் மைத்துனன் போன் செய்தான்.

"மாமா, அக்காவுக்கு வலி வந்துடுச்சு. உடனே பஸ் ஏறுங்க, மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்."

"பஸ்ஸா? போடா! நாலே நிமிஷம்னு அக்காகிட்ட சொல்லு."

டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"சார், அது நீங்க போற ஊருக்குத்தான் போகுது," என்றார் டிரைவர். "எதுக்குத் தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்க?"

பாவம், தரைத் துறை. மன்னித்தேன்.

நிலையத்தில் பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, உட்கார், எழுந்திரு என்று வெகுநேரம் போனது. அதுவும் வேறு துறைதான். ஆனால் பறந்தோம் பாருங்கள், அதுதான் சாதனை! மிட்டாய் கொடுத்தார்கள். காகிதத்தைப் பிரிப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கம் இன்னொரு டாக்சி, இன்னொரு மூணு மணி நேரம்.

ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் என் மகள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு வர்றதுக்கு?" என்றாள்.

"நாலு நிமிஷம்," என்றேன், பழக்கதோஷத்தில். "ரொம்ப வலிச்சுதாம்மா?"

"சேச்சே. ஒரே நிமிஷம். காலையிலேருந்து கத்தினதெல்லாம் வேற துறை."

குழந்தை வீறிட்டது. அள்ளி என் கையில் வைத்தாள்.

"தூங்கற வரைக்கும் தூக்கிட்டு நடங்க. தரையிலதானே நடக்கறீங்க? கணக்குல வராது."