வெயிட் சார் பிரஸ்ஸுக்குள் உட்கார்ந்த காலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருந்த அத்தனை பேரின் பயத்தையும் மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் வெயிட் சார். 1991இல், அந்தப் பக்கம் வயலுக்கு நடுவே கல்நார்க் கூரை போட்ட ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவர்தான் டிசைன் தலைவர். அவருக்குக் கீழே நானும் ஸ்டெல்லாவும்.

வாயைத் திறந்தால் "வெயிட்!" பஸ்ஸில் காலை வைத்தால், "வெயிட்! டிரைவர் உக்காந்துட்டாரான்னு பாரு." கேன்டீனில் பஜ்ஜியைக் கடிக்கப் போனால், "வெயிட்! உள்ள ஆவி இருக்கும்." தன் கல்யாணத்திலேயே மேளக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூன்று முடிச்சையும் ஒருமுறை வேறொரு கயிற்றில் போட்டுப் பார்த்தார் என்று பேச்சு. நம்பாதவர் ஒருவரும் இல்லை.

சிப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத்தில் விவரிக்கும் ஒரு மொழி அப்போது எங்களுக்குப் புதிது. சாதாரண புரோகிராம் வரிவரியாக ஓடும். இதில் புராசஸ் என்கிற தனித்தனி வேலைப் பகுதிகள் பல, எல்லாமே ஒரே நேரத்தில் விழித்திருக்கும். ஒன்றின் சிக்னலைப் பார்த்து இன்னொன்று வேலை செய்யும்.

"ஒரே சமையல்கட்டுல நாலு பேர் சமைக்கிறாங்கம்மா," என்பார் சார், ஸ்டெல்லாவிடம். "பேசி வச்சுக்கலன்னா சாம்பார்ல நாலு தடவை உப்பு விழும்."

நாங்கள் செய்தது தகடு வெட்டும் பிரஸ்ஸுக்கான சிப். ஒரு புராசஸ் பாதுகாப்புக் கதவைப் பார்த்துக்கொள்ளும். பிரஸ் மேலே இருந்தால்தான் கதவைத் திறக்கும். இன்னொரு புராசஸ் பிரஸ்ஸை ஓட்டும். கதவு மூடியிருந்தால்தான் பிரஸ்ஸை இறக்கும். இரண்டுக்கும் தனித்தனி பட்டன். கதவுக்குள் கைவிட்டுத் தகடு வைக்கப் போகிறவர் பிள்ளைப்பாக்கத்து ஏழுமலை.

கம்ப்யூட்டர் சோதனை எல்லாம் பாஸ். மறுநாள் சிப்பை வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். நாங்கள் குதித்தோம். வெயிட் சாருக்கு முகம் வெளிறிவிட்டது.

"எல்லாம் சரியா வருது. அதான் சரியில்ல. வெளிய வாங்க."

மைதானத்தில் எங்களை நிறுத்தினார். நான் கதவு. ஸ்டெல்லா கையில் கேன்டீன் டிரேயோடு பிரஸ். ஆளுக்கொரு கைக்குட்டை. நான் தூக்கிப் பிடித்தால் கதவு மூடியிருக்கிறது, ஸ்டெல்லா தூக்கிப் பிடித்தால் பிரஸ் மேலே இருக்கிறது. சார் ஒரு தட்டைத் தட்டுவார். சத்தத்துக்கு முன்னால் எதிராளியின் கைக்குட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்தம் வந்ததும் தன் வேலையைச் செய்ய வேண்டும். சிப்பும் அப்படித்தான் நடக்கும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு சார் ஏழுமலையின் காதில் ஏதோ சொன்னார். உடனே ஏழுமலை, "கதவைத் தெற! பிரஸ்ஸ எறக்கு!" என்று ஒரே மூச்சில் கத்தினார். தட்டு ஒலித்தது. பிரஸ் மேலே இருப்பதைப் பார்த்திருந்த நான் திறந்தேன். கதவு மூடியிருப்பதைப் பார்த்திருந்த ஸ்டெல்லா இறக்கினாள். திறந்த வழியாக ஏழுமலை கையை நீட்ட, டிரே அவர் மணிக்கட்டில் விழுந்தது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏழுமலை சிரிக்கவில்லை. கையைத் தேய்த்தபடி கேட்டார்: "யார் மேல தப்பு சார்?"

"ரெண்டு பேர் மேலயும் இல்ல," என்றார் சார். "அதான்யா பயமா இருக்கு."

முதலாளியிடம் போனோம். "ரெண்டு பட்டனையும் எவன்யா ஒண்ணா அமுக்குவான்?" என்று சீறினார்.

"நான் அமுக்குவேன் சார்," என்றார் ஏழுமலை. "ஷிப்ட் முடியற அவசரத்துல கண்ணு இன்னா தெரியுது?"

முதலாளி கேட்கவில்லை. மறுநாள் காலை, வாங்குகிற விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மெயின் சுவிட்சில் கைவைத்த முதலாளி அப்படியே நின்றார். பிரஸ்ஸின் அடித்தட்டில், இறங்கும் இரும்புக்கு நேர் கீழே, வெயிட் சார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி இருமினாலே எழுந்து நிற்கிற மனிதர்! பற்கள் தந்தியடித்தன.

"முதல்ல என்னய அமுக்குங்க சார். அப்புறம் அவரு கைய அமுக்கலாம்."

ஸ்டெல்லா கேன்டீனுக்கு ஓடி, மதியக் கூட்டுக்கு வைத்திருந்த வாழைத்தண்டைத் தூக்கி வந்தாள். சாரை இறக்கிவிட்டு, ஏழுமலையின் கை இருக்க வேண்டிய உயரத்தில், திறக்கும் கதவுக்கு எதிரே அதை ஒரு ஸ்பிரிங்கில் பொருத்தினோம். முதலாளி சுவிட்சைப் போட, சார் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினார். கதவு திறந்தது, தண்டு உள்ளே பாய்ந்தது, இரும்பு இறங்கியது. முதலாளியின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சாறு.

ஏழுமலை தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முதலாளி விருந்தாளிகளை இன்னொரு நாள் வரச் சொன்னார்.

சார் இரண்டு புராசஸ்களுக்கும் பேச்சுவார்த்தை ஏற்படுத்தினார். பிரஸ் முதலில் 'பூட்டிக்கொள்' என்று கேட்கும். கதவு பூட்டிக்கொண்டு 'பூட்டியாச்சு' என்று பதில் சொன்ன பிறகே பிரஸ் இறங்கும். மேலே போய்ச் சேர்ந்து 'முடிந்தது' என்று பிரஸ் சொல்லும்வரை, யார் பட்டனை அழுத்தினாலும் கதவு அசையாது.

திரும்ப ஓட்டிய அன்று ஏழுமலை இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினார். பிரஸ் இறங்கியது, ஏறியது. அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். தரையில் உட்கார்ந்துவிட்ட சாருக்கு டம்ளரைப் பிடிக்கவும் முடியாமல், ஏழுமலைதான் டீயைப் புகட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தைரியசாலிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். அந்தப் பயந்தாங்கொள்ளியிடம் இருந்த மாதிரி நிம்மதியாக வேறு யாரிடமும் இருந்ததில்லை.