சைமி சொன்ன பதிலும் அம்மாவின் விரிப்பும்

ஈசல்மி,
நடுக்கோடைப் பண்டிகை முடிந்த வாரம்

கவுஹவாவில் இருக்கும் மரியாதைக்குரிய அக்கா ஹில்யாவுக்கு,

தம்பி யால்மரி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அத்தானுக்குக் காது இப்போதாவது கேட்கிறதா? கேட்காவிட்டால் அவர் கொடுத்துவைத்தவர். எனக்குக் காது நன்றாகக் கேட்பதால்தான் இந்த ஊரில் இத்தனை கஷ்டமும். உடம்பு சுகம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன், காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து படி.

மகன் இங்கே வேலை கிடைத்ததும் "அப்பா, நீங்களும் வாங்க" என்று என்னை மூட்டை கட்டிக் கூட்டிவந்தான், பிறகு அவன் மட்டும் ஓஸ்லோவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான், நான் இந்தச் சவோ சீமைக்காரர்களின் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. பின்லாந்து முழுக்க எல்லாரும் பேசுவது பின்னிஷ்தான், ஒரே பாஷைதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை இங்கே கொண்டுவந்து ஒரு வாரம் குடிவைக்க வேண்டும். நம் ஊரில் ஒருவன் 'வரேன்' என்றால் வருவான், 'உதைப்பேன்' என்றால் உதைப்பான். இங்கே மணி என்ன என்று கேட்டால், "நேத்து இந்நேரத்துக்கு எவ்வளவோ, இன்னைக்கும் அவ்வளவுதானுங்க இருக்கோணும்" என்கிறார்கள். சவோக்காரன் வாயைத் திறந்தால் பொறுப்பு கேட்பவன் தலையில் என்று ஊர் உலகமே சொல்கிறது. அந்தத் தலை என் தலையாகப் போகும் என்று யார் கண்டார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சைமியைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் போனதும் என் வீட்டுத் தரை அம்மாவின் ஒரு விரிப்பைத் தவிர வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துத் தன் பழந்துணி விரிப்புகளைக் கொண்டுவந்து விரித்தவள், ரொட்டிக்குள் மீனை வைத்துச் சுட்டு அடிக்கடி கொடுத்தனுப்புகிறவள். அவள் அடுப்படியில் உட்கார்ந்தால் எனக்கு எழுந்து வர மனசே வராது. ஆகவே பனி உருகும் சமயத்தில் ஒருநாள், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், நம் ஊர் வழக்கப்படி முறையாகக் கேட்டேன்.

"இந்தா பாரு சைமி. நீயும் தனியா இருக்கே, நானும் தனியா இருக்கேன். எனக்கு உன்னையப் புடிச்சிருக்கு. கட்டிக்கிறியா, இல்லையா?"

இதைவிட நயமாக ஒரு மனுஷன் கேட்க முடியுமா, நீயே சொல். அவள் என் கோப்பையில் காபியை நிரப்பினாள். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள்.

"ஏரியில ஐஸ் இன்னும் முழுசா உடையலீங்க. உடையறப்ப உடையுமுங்க. ஒத்தையா இருந்தாலும் பொழுது போவுது, ரெண்டு பேரா இருந்தா மட்டும் போவாமயா இருக்கப் போவுதுங்க?"

"அப்ப சரிங்கிறியா?"

"சரியில்லைன்னு நானெங்கீங்க சொன்னேன்? சரின்னும் சொல்லிப்போடலீங்க. மீன் ரொட்டி இன்னொரு துண்டு எடுத்துக்கங்க."

அக்கா, நான் அந்தத் துண்டைத் தின்றேன். சம்மதத்தைத் தின்றேனா மறுப்பைத் தின்றேனா என்று தெரியாமலே தின்றேன். மறுநாள் பெட்ரோல் பங்கில் காலைக் காபி மேசைக்குப் போய் ஆண்பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளூர்க்காரன் தாஹ்வோ மேசையைத் தட்டினான்.

"அதான் தெளிவாச் சொல்லிப்போட்டாங்களே!"

"எதைடா சொன்னா?"

"ரெண்டுல ஒண்ணைத்தானுங்க."

பக்கத்தில் கார்லோ இருந்தான். அவன் ஹாமே பக்கத்துக்காரன், இங்கே பெண் எடுத்துத் தங்கிவிட்டவன். ஹாமேக்காரன் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் மாடு கன்று போட்டுவிடும். "நீ சொல்லு கார்லோ, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன். கோப்பையைக் கலக்கினான், கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஐஸ் உடைந்தது, பிர்ச் மரங்கள் துளிர்த்தன, குயில்கூடக் கூவிவிட்டது, சைமி மட்டும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் தூக்கம் கெட்டேன். அப்புறம் இன்று காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "வெயில் நல்லா அடிக்குதுங்க" என்றாள். தரையில் இருந்த அவள் விரிப்புகளையெல்லாம் சுருட்டித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனாள். வண்டி ஏரிப்பக்கம் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வேறென்ன அர்த்தம்? அதுகூடப் போகட்டும், அம்மா நெய்த சிவப்புக் கரை விரிப்பையும் சேர்த்தல்லவா சுருட்டிக்கொண்டு போயிருக்கிறாள்!

விடுவேனா? நேரே ஏரிக்கரைக்கு, விரிப்புத் துவைக்கும் மேடைக்குப் போனேன். பாதி ஊர்ப் பெண்கள் அங்கே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பைன் சோப்பு வாசனை மூக்கைத் துளைத்தது. சைமி துவைத்த விரிப்புகளைக் கம்பத்தில் காயப்போட்டிருந்தாள், நட்டநடுவில் அம்மாவின் விரிப்பு.

"அது எங்கம்மாது. குடு!" என்று நம் ஊர்க் குரலில் கேட்டேன். தேய்க்கும் பிரஷ் எல்லாம் நின்றுவிட்டது. சைமி குனிந்துகொண்டாள். நான் சொட்டச் சொட்ட அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். ஈர விரிப்பு கன்றுக்குட்டி கனம் கனக்கிறது. இப்போது என் முதுகு பிடித்துக்கொண்டது, தரையெல்லாம் தண்ணீர், மனசு அதைவிட மோசம். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஆகவே அக்கா, நான் ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன். பின்னறையைத் தூசி தட்டி வை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற மனிதர்களின் நடுவில் சாகிறேன்.

அத்தானுக்கு என் அன்பை உரக்கச் சொல். பிள்ளைகளுக்கு ஆண்டவன் எல்லா நலமும், புரியும்படி பேசுகிற மாமியார் வீடும் கொடுக்கட்டும்.

உன் தம்பி,
யால்மரி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் கார்லோ வந்து கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ ஒண்ணு கேட்டியே."

"எப்படா?"

"பனி உருகறப்ப." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "யோசிச்சுப் பாத்தேன். அந்தம்மா சரின்னுதான் சொல்லிருக்கு."

காலம் கடந்துபோச்சு என்று விரிப்புக் கதையைச் சொன்னேன். அவன் ஆயுசிலேயே வேகமான பதில் அப்போதுதான் வந்தது.

"முட்டாப்பயலே! அடுத்த வீட்டு விரிப்பை எவளாவது துவைப்பாளா? தன் வீட்டு விரிப்பைத்தானே துவைப்பா? ஊரு முழுக்கப் பாக்கட்டும்னு போட்டிருக்கா!"

முதுகாவது ஒன்றாவது, விரிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சைமி ஏரிக்கரையிலேயே தனியாக இருந்தாள். கம்பத்தில் அம்மாவின் விரிப்பு இருந்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தாள். விரிப்பை நீட்டினேன். அவர்கள் பேச்சிலேயே பேசிப் பார்த்தேன்.

"இது சரியா அலசலையோன்னு ஒரு நெனப்புங்க. அலசினாலும் அலசலாமுங்க, அலசாமயும் இருக்கலாமுங்க..."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, அசல் நம் கவுஹவாக்காரி மாதிரி கேட்டாள்: "இப்படிக் குடு. கல்யாணம் சர்ச்சுலயா, வீட்டுலயா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

ஆகவே பின்னறையைத் தூசி தட்ட வேண்டாம். அம்மாவின் விரிப்புக்கு ஜோடி உன்னிடம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு நீயும் அத்தானும் கல்யாணத்துக்கு வந்து சேருங்கள். என்றைக்கு என்று சைமியிடம் கேட்டேன். "பனி விழறதுக்கு முன்னால இருக்குமுங்க, இல்லாட்டிப் பின்னால இருக்குமுங்க" என்கிறாள். கோடை உடுப்பு, குளிர் உடுப்பு இரண்டையும் எடுத்து வை.