மூன்றில் ஒரு வோட்டு

என் பிழைப்பே சென்சர்களோடுதான். ஒரு சென்சர் சொல்வதை அப்படியே நம்பாமல், பலவற்றையும் கேட்டு முடிவெடுக்க வைப்பது என் வேலை. அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த மடத்தனம்.

பிளேஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மனைவி சாம்பிராணி போடுவாள். உடனே புகை அலாரம் ஊரைக் கூட்டும். "இதுக்கொரு வழி பாருங்கோ" என்றாள். பார்த்தேன். சமைக்கிற குசினியில் ஒன்று, ஹோலில் ஒன்று, மாடியில் ஒன்று என மூன்று சென்சர்களைப் பூட்டி, மூன்றும் நெருப்பு என்றால் மட்டுமே அலாரம் அடிக்கும்படி செய்தேன். அடுத்த வெள்ளி சாம்பிராணி புகைந்தது, வீடு அமைதியாக இருந்தது. (அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.)

அந்தக் கிழமையே மனைவியின் அம்மா மோர்டனிலிருந்து பேரனைப் பார்க்க வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமிக்கு வடை சுட்டுக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று எண்ணெயை அடுப்பில் வைத்தேன். பொரிக்கிற மணம் ஹோலில் தொங்கும் கோட்டுகளில் ஏறிவிடக் கூடாதே! எங்கள் ஆட்கள் எல்லோரையும்போல நானும் குசினிக் கதவை இறுகச் சாத்தினேன். எண்ணெய் காயும்வரை என் சாதனையை விளக்கலாம் என்று ஹோலில் உட்கார்ந்தேன். விளக்கம் நீண்டுவிட்டது.

"மூண்டு வோட்டும் விழவேணும் மாமி" என்று போனைக் காட்டினேன். "இஞ்ச பாருங்கோ, இப்பகூட குசினி மட்டும் நெருப்பு எண்டுது. மற்ற ரெண்டும் இல்லை எண்டுது. அதால நெருப்பில்லை."

"அந்த ரெண்டும் எங்க தம்பி இருக்கு?"

"ஒண்டு இஞ்ச, ஒண்டு மேல."

"அடுப்பு?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி எழுந்து ஓடிவிட்டார். தாச்சியில் எண்ணெய் பற்றி எரிந்தது. குசினிக்கு நேர் மேலே இருந்த அறையில் எட்டு மாத மகன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் போனைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றேன். மாமி அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியொன்றால் தாச்சியை மூடினார். நெருப்பு அடங்கியது. திறந்த கதவால் புகை ஹோலைக் கடந்து மாடியேறிய பிறகு, மூன்று சென்சர்களும் ஒருமனதாக அலறின.

அந்தச் சத்தத்தில் மகன் விழித்து வீரிட்டு அழுதான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. அவனை அணைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

இப்போது ஒரு சென்சர் சொன்னாலே அலாரம் அடிக்கும். வெள்ளிக்கிழமைகளில் கதிரையில் ஏறி நின்று துவாயால் புகையை விசுக்குகிறேன். சந்தோசமாகத்தான் விசுக்குகிறேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்து "ஏலாமல் கிடக்கு" என்று முனகினேன். மனைவி போனில் தாயிடம் சொல்வது கேட்டது. ஸ்பீக்கரில் மாமி சிரித்தார்.

"ஒரு வோட்டுத்தானே பிள்ளை விழுந்திருக்கு? மற்ற ரெண்டும் வரட்டும்."