கட்டிலோரத்துப் பேட்டரி

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். தனித்தனியாக நலம். அங்கு நீங்களும் என் மகளும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுப்பதற்குள் மகள் எடுத்துவிடுகிறாள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் உங்கள் அத்தையிடம் சொன்ன மாதிரிதான். விஷயம் இதுதான். நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த மின்சார சைக்கிளை, ஞாயிற்றுக்கிழமை இங்கே வரும்போது தயவுசெய்து திரும்ப எடுத்துச் சென்றுவிடுங்கள். மாப்பிள்ளை கொடுத்ததை மாமனார் திருப்பிக் கொடுப்பது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வண்டியால் உங்கள் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. இவள் ஏன் ஓயாமல் பேசுகிறாள் என்று அலுத்துக்கொண்டு இருந்தவன் நான். இப்போது வீட்டில் உட்காரவே முடியவில்லை.

வண்டியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் கொஞ்சம் உட்காரும் சிரமம் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தேன். முழங்கால் மார்பில் இடித்தது, இடுப்பு வலித்தது, பின்பக்கத்தைப் பற்றி மாப்பிள்ளைக்கு எழுதுவது முறையில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். "சார், சீட்ட ஏத்துங்க. பெடல் கீழ போறப்ப கால் கிட்டத்தட்ட நீளணும், முட்டி லேசா மடங்கினாப் போதும்" என்று அவரே ஏற்றிக் கொடுத்தார். முழங்கால் சரியாகிவிட்டது. கையோடு, பின்னால் மெத்தை வைத்துத் தைத்த ஒரு கால்சட்டையையும் என் தலையில் கட்டிவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தை அதைத் துவைத்துக் கொடியில் போட்டபோது எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டாராம். அன்று அத்தை என்னிடம் பேசத்தான் செய்தாள். நிறையவே பேசினாள்.

அடுத்து வந்தது துண்டு விவகாரம். வண்டியில் மோட்டாரும் ஒயர்களும் இருப்பதால் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், மென்மையான ஈரத்துணியால் துடையுங்கள் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. வீட்டில் இருக்கும் துணிகளையெல்லாம் தொட்டுப் பார்த்து மிக மென்மையானதை எடுத்துத் துடைத்தேன். சங்கிலிக்கும் அதுவேதான். குளித்துவிட்டு அத்தை உள்ளிருந்து "துண்டு எங்க?" என்று குரல் கொடுத்தபோதுதான் எதைக் கொண்டு துடைத்தேன் என்று எனக்கே தெரிந்தது.

இதெல்லாம் சில்லறைச் சண்டைகள், மாப்பிள்ளை. நிஜமான வினை பேட்டரியில் வந்தது. பேட்டரியைக் கழற்றி வெயில் படாத, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று அதே புத்தகம் சொல்கிறது. வேலைக்காலம் முழுவதையும் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராகக் கழித்தவனிடம் போய்க் குளிர்ச்சி என்று சொன்னால் அவன் எங்கே வைப்பான்? ஃப்ரிட்ஜின் நடுத்தட்டைக் கழற்றி, கேரட்டையும் கீரையையும் வெளியேற்றி, பேட்டரியைப் பழைய சட்டையில் சுற்றிப் படுக்கவைத்தேன். மறுநாள் காலை அதைச் சில்லென்று எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி மூச்சை விட்டுவிட்டது. மோட்டார் உதவாத அந்த வண்டியை மிதிப்பதும் பீரோவை மிதிப்பதும் ஒன்று. இறங்கித் தள்ளினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாள் கூடவே நடந்து வந்து, "சார், இது கரண்ட்ல ஓடுற வண்டிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன் தள்ளிட்டுப் போறீங்க?" என்றார். வேகத்தைக் கூட்டித் தள்ளினேன். பாலம் இறங்கும் வரை அவரும் விடவில்லை.

கடைக்காரர் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். மேலெல்லாம் வியர்த்திருந்தது. "இத எங்க சார் வெச்சிருந்தீங்க?" என்றார். சொன்னேன். பேட்டரியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டி வந்து, "சார், இன்னொரு தடவ சொல்லுங்க, இவரும் கேக்கட்டும்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். குளிர்ச்சி என்றால் மனிதர் உட்காரும் குளிர்ச்சிதானாம், அதற்கு மேல் சில்லிட்டால் பேட்டரி பாதி வழியில் சோர்ந்துவிடுமாம். சில்லிட்டிருக்கும்போது சார்ஜ் போடக் கூடாதாம், அடியோடு காலியாகவும் விடக் கூடாதாம், அன்றாடம் எண்பது விழுக்காடு ஏறினால் போதுமாம். "மனுசனுக்கு எது சுகமோ அதுதான் சார் அதுக்கும் சுகம்" என்றார்.

நம் வீட்டில் மனிதருக்குச் சுகமான இடம் ஒன்றுதான், ஏசி இருக்கும் படுக்கையறை. அங்கே பிளக் இருப்பது அத்தை படுக்கும் பக்கம். அவளுடைய மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், பாதி படித்த புத்தகம் மூன்றையும் ஜன்னல் மேடைக்கு மாற்றிவிட்டு, கட்டிலோர ஸ்டூலில் பேட்டரியை வைத்தேன். மதியம் அவள் கண்ணயரும் நேரம்தான் எனக்கும் சார்ஜ் போட வசதி. எண்பதைத் தாண்டிவிடக் கூடாதே என்று அலாரம் வைத்தேன். அலாரத்தை நம்பாமல் அவ்வப்போது போய்ப் புறங்கையால் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒருமுறை தொட்டுக்கொண்டு நிற்கும்போது அத்தை கண்ணைத் திறந்தாள்.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் அடிச்சுதே, ஒரு தடவையாவது இப்படித் தொட்டுப் பாத்தீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உடனே போய் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்து குடுத்தேனே" என்றேன்.

அன்று நின்ற பேச்சுதான். நல்ல தெர்மாமீட்டர், மாப்பிள்ளை. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு அவளிடம் எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியும், உங்களைத் தவிர யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஆகவே வண்டி, பேட்டரி, சார்ஜர், அந்தக் கால்சட்டை எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்காகக் கட்டி வைக்கிறேன். வந்து எடுத்துப் போய்விடுங்கள். மகள் கேட்டால் மாமாவுக்கு இடுப்பு வலி என்று ஒரு பொய் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத பேச்சோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடித உறை தேடி நான் உள்ளே போன நேரத்தில் உங்கள் அத்தை இதை முழுக்கப் படித்துவிட்டாள். "வண்டியத் திருப்பிக் குடுங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றாள். நீதான் பேசவே இல்லையே என்றேன். "பேசலைன்னா கோவம்னு அர்த்தம். வண்டிய அனுப்புன்னு அர்த்தமா? அது வர்றதுக்கு முன்னாடி நாள் பூரா சமையக்கட்டுல நாற்காலி போட்டு உக்காந்து, வெங்காயத்த ஏன் இப்படி வெட்டுற, பாலை ஏன் அங்க வெக்கிறன்னு என் உசுர எடுத்தீங்க. இப்பத்தான் காலையில கொஞ்ச நேரமாவது வீடு எனக்குக் கெடைக்குது" என்றாள். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "மாப்பிள்ளைய இன்னொரு பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஒண்ணு தீந்தா இன்னொண்ண மாட்டிக்கிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம்ல" என்றாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவதை எங்கே வைப்பது என்று கேட்டேன். "கட்டில்லதான், நீங்க படுக்கிற எடத்துல" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், மாப்பிள்ளை. பேட்டரியை மறந்துவிடாதீர்கள்.