கடைசி வரிசையைக் கண்காணிப்பவர்

“நேற்று நம் உறுப்பினர் அவைக்கு வந்தார். உட்கார்ந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினார். எதற்காக அழுத்தினோம் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.”

உறுப்பினரின் செயலர் இதைப் போனில் படித்து முடித்துக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் மேசை இல்லை.

“இன்னிக்குத்தான் தரையைத் துடைச்சேன்,” என்றாள் மனைவி.

“தரை கிடக்கட்டும். இதைப் பாரு. எவனோ நம்ம சாரைப் பத்தி இன்டர்நெட்ல எழுதுறான்.”

அவள் ஒரு கையால் துணியைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் போனை வாங்கிப் படித்தாள். “நல்லாத்தானே எழுதியிருக்கான்?”

“எழுத்துநடைக்கா மார்க் போடச் சொன்னேன்?”

பக்கத்தின் பெயர் ‘கடைசி வரிசை’. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் உட்காரும் இடமும் அதுதான். கேட்ட கேள்விகள்: பூஜ்யம். கலந்துகொண்ட விவாதங்கள்: பூஜ்யம். வாக்குகள்: எல்லாம் பச்சை. ஒளிவுமறைவில்லாமல் தினம் ஒரு குறிப்பு. நல்லவேளையாக, அதைப் பின்தொடர்பவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

உறுப்பினர் அடிப்படையில் ஒரு மாட்டு டாக்டர். கட்சியில் இரண்டு பெரிய கோஷ்டிகள் அடித்துக்கொண்ட தேர்தலில், யாருக்கும் பகையில்லாத ஆள் என்று அவரை நிறுத்தினார்கள். மாடுகளோடு பழகியவருக்குப் பகையாளி எங்கிருந்து வருவான்? ஜெயித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவரை மேய்ப்பது செயலர்தான்.

செயலர் இதற்கு முன்பும் மூன்று உறுப்பினர்களைக் கரையேற்றியவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவர் வேதம். வாயைத் திறக்காத உறுப்பினருக்கு அடுத்த முறையும் சீட்டு உண்டு, உறுப்பினருக்குச் சீட்டு இருந்தால் செயலருக்கு வேலை உண்டு. இது போனால் இந்த வயதில் வேறு எந்த உறுப்பினரும் அவரைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. அடுத்த பட்டியலைக் கட்சி தயாரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி ஒருவன் கிளம்பியிருக்கிறான்.

அலுவலகத்தில் உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“உண்மையைத்தானே எழுதியிருக்காங்க.”

“அதுதான் சார் ஆபத்து. பொய்யா இருந்தா மறுப்பு விட்டுடலாம்.”

“அப்ப ஒரு கேள்வி கேட்டுடலாமா? சின்ன ஆஸ்பத்திரிகளை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியோட சேத்துடப் போறாங்களாம். நம்ம ஊர் பிரசவ வார்டு போயிடும்னு பேசிக்கிறாங்க. போன மாசமே உங்ககிட்ட…”

“ஐயய்யோ, அமைச்சருக்குப் பிடிக்காத விஷயம் சார் அது! கேள்வியை என்கிட்ட விடுங்க. யாருக்கும் வலிக்காத மாதிரி ஒண்ணு தயார் பண்றேன்.”

“சரி,” என்றார் உறுப்பினர். அவர் ‘சரி’ சொல்லாத நாள் கிடையாது. சொல்லிவிட்டுப் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டு விளையாட்டு ஏதாவது ஆடுகிறார் போலும் என்று செயலரும் விட்டுவிடுவார்.

யாருக்கும் வலிக்காத கேள்வியைச் செயலர் பழைய கோப்பிலிருந்து எடுத்தார். முன்பு ஒரு உறுப்பினருக்கு எழுதி, கேட்காமலே போன கேள்வி. நாட்டின் கலங்கரை விளக்கங்களுக்குக் கடைசியாக எப்போது பெயின்ட் அடிக்கப்பட்டது? அந்தப் பழைய உறுப்பினரின் தொகுதியில் கடல் இருந்தது என்பது மட்டும் செயலருக்கு ஞாபகம் வரவில்லை.

கேள்வி அவையில் ஒலித்தது. மாலையிலேயே பக்கத்தில் குறிப்பு வந்துவிட்டது.

“நம் தொகுதியிலிருந்து கடலைப் பார்க்க ஒரு முழு இரவு ரயிலில் போகவேண்டும். ஆனாலும் கலங்கரை விளக்கத்தின் பெயின்டுக்காகக் கவலைப்பட நமக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். நம் பிரசவ வார்டுக்கும் பெயின்ட் உதிர்கிறது. அது கடலோரத்தில் இல்லை என்பதுதான் குறை.”

இதுவாவது பரவாயில்லை. துறைமுக அமைச்சர் பதவியேற்ற நாளிலிருந்து கலங்கரை விளக்கம் பற்றி ஒரு ஜீவன் அவரிடம் கேட்டதில்லை. மனிதர் உருகிப்போய், உறுப்பினரைக் கலங்கரை விளக்கக் குழுவில் போட்டுவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. குழு கடலோரம் கடலோரமாகச் சுற்றப் போயிற்று. உறுப்பினர் அவைக்கு வராத நாட்கள் பக்கத்தில் சிவப்பில் வந்தன.

“இன்றும் வரவில்லை. கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறதாம், நம் ஊர் மட்டும் தெரியவில்லையாம்.”

“கடல் ரொம்ப நல்லா இருந்துது,” என்றார் திரும்பி வந்த உறுப்பினர்.

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும் என்று முடிவு கட்டி, செயலர் பொய்ப் பெயர்களில் இறங்கினார். ‘நேர்மைக் குடிமகன்’ என்றொரு கணக்கு, ‘உண்மை விரும்பி’ என்றொரு கணக்கு. இருவரும் ‘கடைசி வரிசை’க் குறிப்புகளின் கீழேயே உறுப்பினரைப் புகழ்ந்து தள்ளினார்கள். இருவரும் ஒரே மாதிரி புகழ்ந்தால் சந்தேகம் வருமே என்று இடையிடையே ஒருவரோடு ஒருவர் சண்டையும் போட்டார்கள். ஒருநாள் கை தவறி, நேர்மைக் குடிமகன் உண்மை விரும்பியின் பரம்பரையையே இழுத்துவிட்டார். உண்மை விரும்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் செயலர் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் சண்டை என்றால் கூட்டம் கூடும் அல்லவா? கூடியது. பின்தொடர்பவர்கள் நூறாகி ஆயிரமானார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த உள்ளூர்ப் பத்திரிகைக்கு அவல் கிடைத்தது. ‘கடைசி வரிசை’யை வாராவாரம் கட்டம் கட்டிப் போட ஆரம்பித்தார்கள். முடிவெட்டும் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் அதை உரக்கப் படித்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று தெரியாத ஊர், இப்போது பொத்தானின் நிறம் கேட்டது.

“நீங்க ரெண்டு பேரும் சண்டை போடலன்னா அவனை யாரு சீண்டியிருப்பா?” என்றாள் மனைவி.

“எந்த ரெண்டு பேரு?”

“நீங்களும் நீங்களும்தான்.”

அப்போதுதான் அந்த மசோதா வந்தது. உறுப்பினர் கேள்வி கேட்க நினைத்த அதே ஆஸ்பத்திரி விஷயம். மூடப்படும் வார்டுகளின் பட்டியலில் அவர்கள் ஊர்ப் பெயரும் இருந்தது. பக்கத்தில் இரண்டே வரி வந்தது: “வியாழக்கிழமை வாக்கெடுப்பு. பச்சையா சிவப்பா? பார்த்துக்கொண்டிருப்போம்.”

காலையில் கட்சிக் கொறடா போன் செய்தார். “எல்லாரும் பச்சை. உங்க ஆளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

பச்சை அழுத்தினால் ஊர் கிழித்துவிடும். சிவப்பு அழுத்தினால் கட்சி கிழித்துவிடும். எப்படிப் பார்த்தாலும் கிழியப்போவது செயலரின் பிழைப்பு. யோசித்து யோசித்து, காரில் போகும்போது விஷயத்தை எடுத்தார். வண்டியில் அவர், உறுப்பினர், வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன். வேறு ஈ காக்கை இல்லை.

“சார், வியாழக்கிழமை உங்களுக்குப் பல் வலிக்கும்.”

“எந்தப் பல்லு?”

“கடவாய்ப் பல்லு. அவைக்கு வர முடியாது. பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல.”

“கடவாய்ப் பல்லைப் போன வருஷமே புடுங்கியாச்சே.”

“அப்ப அதுக்குப் பக்கத்துப் பல்லு சார்.”

“சரி,” என்றார் உறுப்பினர், சற்று நேரம் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் செயலரின் போன் துள்ளியது.

“வியாழக்கிழமை நம் உறுப்பினருக்குக் கடவாய்ப் பல் வலிக்கும் என்று கேள்வி. அந்தப் பல் போன வருஷமே போய்விட்டது. எனவே பக்கத்துப் பல் வலிக்கும்.”

ஊர்ப் பல் டாக்டர்கள் மூன்று பேர் இலவச வைத்தியம் செய்யத் தயார் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒருவர் நாடாளுமன்ற வாசலுக்கே வருகிறாராம்.

செயலர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியில் இருந்தது மூன்றே பேர். தான் எழுதவில்லை. உறுப்பினர் பாவம், பேனா மூடியைத் திறக்கவே இவரைக் கேட்பவர். மிச்சம் டிரைவர் அண்ணன். இத்தனை காலம் வாயில்லாப் பூச்சி மாதிரி ஓட்டிக்கொண்டு, கமுக்கமாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்! உடனே வேலையை விட்டுத் தூக்கலாம். தூக்கினால் அதையும் எழுதுவார்.

வியாழக்கிழமை காலை செயலருக்கு இட்லியும் இறங்கவில்லை, காபியும் இறங்கவில்லை. மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, நம்ம பொண்ணு எங்க பொறந்தா?”

“இதென்ன கேள்வி, இப்பப் போயி?”

“சொல்லுங்க.”

“அந்த வார்டுலதான்.”

“பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னு கிளம்புனீங்க. பேய் மழை. பாலத்துக்கு மேல தண்ணி. திரும்பி வந்து அங்க சேத்தீங்க. அது இல்லன்னா…”

செயலருக்கு அந்த வார்டின் வெளிப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட அதில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து முதல் அழுகை கேட்டபோது அவரும் அழுதார். எத்தனையோ மசோதாக்களுக்குப் பச்சை என்று சொல்லியனுப்பியவர், அந்தப் பெஞ்சை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அவையின் தாழ்வாரத்தில் உறுப்பினர் கன்னத்தில் கை வைத்து, வலியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையை எடுங்க சார். பல்வலி வேண்டாம்.”

“அப்ப பச்சையா?”

“உங்க இஷ்டம்.”

“என் இஷ்டமா?” உறுப்பினர் அந்த வார்த்தையை அன்றுதான் முதல் முறையாகக் கேட்பவர் போல நின்றார். “பேசலாமா?”

“பேசுங்க சார். ஆனா எழுதித் தர எனக்கு ஒண்ணும் வரல.”

“பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டு உறுப்பினர் உள்ளே போனார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்ததைக் கண்டு சபாநாயகரே பெயர்ப் பட்டியலைப் புரட்ட வேண்டியிருந்தது.

“நான் மாட்டு டாக்டருங்க,” என்று ஆரம்பித்தார் உறுப்பினர். அவையில் சிரிப்பு. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். “கன்னு போடுற நேரத்துல பசுவை லாரியில ஏத்தி அடுத்த ஊருக்குக் கூட்டிட்டு வான்னு சொன்னேன்னு வைங்க, பசு உதைக்கறதுக்கு முன்னாடி அதை வளக்கிறவன் என்னை உதைப்பான். அதனால நான்தான் பசுவைத் தேடிப் போவேன். மழையா இருந்தாலும் போவேன். எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு அந்தப் பசுவுக்குக் கிடைச்ச மரியாதையாவது குடுங்க. அவ்வளவுதாங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பார்வையாளர் மாடத்தில் செயலர் கைக்குட்டையைத் தேடினார். பலகையில் உறுப்பினரின் பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவருடைய கட்சியிலேயே இன்னும் சிலர் சிவப்புக்கு மாறினார்கள். மசோதா ஒரு வழியாக நிறைவேறினாலும், மலைப்பாதையும் ஆறும் உள்ள ஊர்களின் வார்டுகளை மறுபடி பரிசீலிப்பதாக அமைச்சர் எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதுவரை அவர்கள் ஊர் வார்டு உட்பட எதுவும் மூடப்படாது.

விளக்கம் கேட்டுக் கட்சியின் நோட்டீஸ் சாயங்காலமே வந்தது. செயலர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தபோது, ஆச்சரியம், பசித்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் டிரைவர் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் இன்னும் வரவில்லை. உள்ளே எல்லோரும் அவரைப் பிடித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, நான் கோவிச்சுக்க மாட்டேன்,” என்றார் செயலர். “சொல்லப்போனா கும்பிடணும். நீங்க எழுதி எழுதி என்னைத் துரத்தலன்னா இன்னிக்கு நான் சாரை விட்டிருக்க மாட்டேன். மறைக்காம சொல்லுங்க, அந்தக் ‘கடைசி வரிசை’ நீங்கதானே?”

டிரைவர் அண்ணன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் எங்க சார் எழுதுறது, ஐயாதான் பின்சீட்டுல உக்காந்து எழுதுவாரு, நேர்ல சொன்னா நீங்க காதுலயே வாங்கிக்க மாட்டீங்களாம், இதுல போட்டா மறுநாளே அலறியடிச்சுக்கிட்டு வந்து செய்யறீங்களாம்.”