உமிக்கரி போட்ட வெற்றிலை

என் பழைய டைரியில் விஜயதசமி நாளுக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கிறது: "உமிக்கரி இன்று வெற்றிலை போட்டார். நேரில் கண்டேன்." டைரியின் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது, வருஷமும் அட்டையோடு போயிற்று. வங்காளத்தை இரண்டாகப் பிரித்த பிறகு, தலைநகரம் டில்லிக்குப் போவதற்கு முன்பு என்பது வரை உறுதியாகச் சொல்வேன்.

அந்த வரியின் கனம் தெரிய வேண்டுமானால், உமிக்கரி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும். கல்கத்தா முழுவதிலும் மனிதர்களை முகத்தால் அடையாளம் காணாத ஒரே ஆசாமி அவர்தான். பல்லால்தான் காண்பார். "நேத்து வந்தானே, கீழ்வரிசையிலே சந்து விட்டவன், அவன் பேர் என்ன ஓய்?" என்பார். பெயரைச் சொன்னால் மறந்துவிடுவார். சந்து மறக்காது.

பவானிபூரில் தஞ்சாவூர்க்கார குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். உமிக்கரி ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதினார். அது உபதொழில். பல் தேய்க்கும் பொடிக்காக நெல் உமியைச் சட்டியில் மூட்டம் போட்டுக் கருக்கி, உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்து, பழைய வேஷ்டித் துணியில் சலித்தெடுப்பதுதான் பிரதானத் தொழில். முதல் தடவை மூட்டம் போட்டபோது புகையைப் பார்த்து எதிர்வீட்டார் வாளியும் தண்ணீருமாக ஓடி வந்தார்கள். வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்து, அந்தத் தண்ணீரிலேயே வாய் கொப்புளிக்கச் செய்து அனுப்பினார்.

வீட்டுக்காரரின் வேப்பமரம் தென்பக்கம் மொட்டையானது இவர் குச்சி ஒடித்ததால்தான். சுதேசிப் பையன்கள் சீமைப் பல்பொடியைத் தெருவில் கொட்டியபோது தேசத்தை மறந்து பல்லுக்காகக் கைதட்டினார். எலுமிச்சம்பழம் என்று யாராவது ஆரம்பித்தால், "அது பித்தளைப் பாத்திரத்துக்கு ஓய்! பல்லிலே தேச்சா மோர்சாதம் கூடக் கூசும்" என்று அடக்குவார். வங்காளிகள் கடுகெண்ணெயில் உப்பைக் குழைத்து ஈறு தேய்ப்பதை முதல் வருஷம் பழித்தார். அடுத்த வருஷம் தாமே கண்டுபிடித்ததுபோல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

இத்தனைக்கும் அத்தாட்சி அவர் சிரிப்பு. தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பு. டிராமில் ஏறினால் சிரிப்பார், இறங்கினால் சிரிப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் ஒரு தடவை பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்.

அவருடைய ஜன்ம சத்துரு வெற்றிலை. எங்கள் மெஸ்ஸில் அதன் ஏஜெண்டு சீமாச்சு.

சீமாச்சு சணல் கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தா. தும்பு நெஞ்சில் ஏறி வருஷம் முழுக்க இருமுவான். அவனுக்குக் கம்பெனியின் முன் ஹாலில், ஜன்னலோரமாக, வியாபாரிகளைக் கவனிக்கும் நாற்காலி ஒன்று கிடைக்க இருந்தது. மகாளயத்தன்று துரை கூப்பிட்டு அவன் வாயைப் பார்த்தார். பூஜை லீவு முடிந்து வரும்போது பல் வெளுத்திருந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் கிடங்கு என்று சொல்லிவிட்டார்.

"அண்ணா, இன்னொரு குளிர்காலம் அந்தத் தும்புக்குள்ளே இருந்தா என் நெஞ்சு தாங்காது" என்று உமிக்கரியின் முன்னால் வந்து நின்றான்.

"வாயைத் திறடா." குனிந்து பார்த்தார். "இது வாயா, காளிகட்டத்துப் பலிபீடமா?"

"கேலி பண்ணாதீங்கோ அண்ணா."

"இன்னியோட வெத்தலை கிடையாது. தொட்டே, நீ கிடங்கிலேயே கிட."

காலையில் உமிக்கரி, மத்தியானம் ஆலம் விழுது, சாயங்காலம் கடுகெண்ணெய். சீமாச்சு தெருக்கோடி வரை போய்வந்தால்கூட, "ஊதுடா" என்று முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். அஷ்டமியன்று முன்பற்கள் விடிந்தன. மெஸ்ஸே கூடி நின்று பார்த்தது.

பிறகு வந்தது தசமி. அம்மனைக் கங்கையில் கரைத்த சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்க வேண்டும். அவர்கள் 'மிஷ்டி' என்று தித்திப்பு கொடுப்பார்கள். மீன் சமைக்கிற வீட்டில் நம்மவர்கள் எதுவும் சாப்பிடுவதில்லை. ஆகவே சீமாச்சு முதல் வருஷமே வீட்டுக்காரர் மனைவி மாசிமாவிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தான்: தித்திப்பு வேண்டாம், அவள் கையால் மடித்த வெற்றிலை ஒன்றை அவள் எதிரிலேயே போட்டுக்கொள்வோம். தெரு முழுக்க அதுவே வழக்கமாயிற்று. வருஷா வருஷம் அன்று மட்டும் மெஸ்ஸைவிட்டு வெளியே வராத உமிக்கரி, அந்த வருஷம் சீமாச்சுவுக்குக் காவலாக வந்தார்.

மாசிமா வெற்றிலையை நீட்டினாள். சீமாச்சு வாயை இறுக்கிக்கொண்டு தலையாட்டினான்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "மிஷ்டியும் ஆகாது. இப்போ பானும் ஆகாதா? என் கையிலே என்ன குத்தம், பாபா?" என்று வங்காளியில் கேட்டாள். சீமாச்சு ஜுரத்தில் கிடந்தபோது வேளாவேளைக்குப் படியேறி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் அவள். அவன் கண் கலங்கிவிட்டது. கை தானாக நீண்டது.

குறுக்கே இன்னொரு கை வந்தது.

"இவனுக்கு இந்த வருஷம் ஒரு விரதம், மாசிமா. இவன் பங்கையும் எனக்கே கொடுங்கோ" என்றார் உமிக்கரி, அரைகுறை வங்காளியில்.

"நீயா! என் பான் டப்பாவைப் பார்த்தாலே மூக்கைப் பொத்துவியே?"

"இன்னிக்கு அம்மன் பிரசாதம்."

இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டார். விளக்குத்திரியை மெல்லுகிறவர் மாதிரி மென்றார். மாசிமா சிரித்து, இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தாள். அடுத்த வீட்டிலும் இரண்டு, அதற்கடுத்த வீட்டிலும் இரண்டு. தெரு முடிவதற்குள் உதடு, மீசை, சட்டை எல்லாம் சிவப்பு. கடைசி வீட்டில், "சுண்ணாம்பு ஒரு நுனி தூக்கல்" என்று அபிப்பிராயம் வேறு சொன்னார்.

லீவு முடிந்து சீமாச்சு வாயைத் திறந்து காட்டினான். நாற்காலி கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் மெஸ்ஸில் இருமல் கேட்கவில்லை.

உமிக்கரியோ மறுநாள் முதல் வாயை மறைத்துத் துண்டு போட்டுக்கொண்டார். கேட்டால், "ஈறு வீக்கம்." உமிக்கரி இடிப்பது நிற்கவில்லை, சிரிப்பு மட்டும் கண்ணோடு நின்றுவிட்டது. அவர் சட்டைப்பையில் வெற்றிலைக் காம்பு இருந்ததாகச் சமையல்காரர் சொன்னார். சீமாச்சுவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிய வேண்டாம்" என்றான்.

அந்தப் பற்கள் மறுபடி வெளுத்தனவா என்பது இன்றுவரை ஊர்ஜிதமாகாத தகவல். ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்தத் துண்டை விலக்கிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.