கம்பியில்லா மெஷின்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வளன் தீர்மானம் செய்திருந்தார். ஆள் களைத்துப்போயிருந்தார். வாரத்தில் ஆறு நாள் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து, உரம் இன்னும் வரவில்லை என்று விவசாயிகளிடம் சொல்லும் வேலை. ஏழாம் நாள் காலையில் பூசை, பிறகு மனைவி கிரேஸி வைக்கும் சாளைமீன் குழம்பு, பிறகு பத்தமடைப் பாய். ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அன்றைக்கு அவர் சுவரில் ஓட்டை போட்டதாக பைபிளில் எங்கேயும் இல்லை என்பது வளனின் கட்சி.

கிரேஸியின் கட்சி வேறு. மகாராஜநகரில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து பாத்திரங்கள் சாக்கிலும் திரைச்சீலைகள் பெட்டியிலும் கிடந்தன. மாதா சுரூபம் அரிசி டிரம்மின் மேல் நின்றது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, மாதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் அரிசி அள்ள வேண்டும்.

"ஆசாரியைக் கூப்பிடுங்க" என்று அவள் சொன்னதற்கு, "நாலு ஓட்டை போட ஆசாரி எதுக்கு? எனக்குக் கை இல்லையா?" என்று வீறாப்பாகக் கேட்டவர் வளன்தான். அன்றிலிருந்து மெஷின் இல்லாமலே கிரேஸி அவரைத் துளைக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஜங்ஷனில் அப்பாத்துரை அண்ணாச்சியின் இரும்புக்கடையில் அந்தப் புதுச் சரக்கைப் பார்த்தார். டிரில் என்றால் பின்னால் வயர் தொங்கும் என்றே ஊர் நம்பியிருந்த காலம். இதற்கு வயர் கிடையாது. கைப்பிடிக்குக் கீழே பேட்டரி. வளனுக்கு ஒரு யோசனை பிறந்தது. வாங்குவதற்கு அல்ல, வாங்காமலே இருப்பதற்கு.

"கம்பியில்லா மெஷின் வந்திருக்கு, கிரேஸி. அதுதான் நமக்குச் சரி. வயரு மெஷின்னா பாதி ஓட்டையில கரண்டு போயிரும்."

"அப்ப வாங்கிட்டு வாங்க."

"கத்தரிக்காயா என்ன? பாத்துத்தான் வாங்கணும்."

பார்த்தார். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் போய்ப் பார்த்தார். கடையில் இருந்ததோ மூன்றே மெஷின். ஒன்றைத் தூக்குவார், வைப்பார், எதிர்க்கடையில் டீ குடிப்பார், வீட்டுக்கு வந்து காரணம் சொல்வார். ஒரு வாரம், "பெருசு சரிப்படாது. கை அத்துப்போகும்." மறுவாரம், "சின்னது ஓட்டை போடாது, சொவத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டும்." அதற்கடுத்த வாரம், "நடுவுல உள்ளதுக்குப் பேட்டரி சொணங்குது." கிறிஸ்துமஸ் போயிற்று. தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் புதுச்சாமான் வாங்குவது பாவம் என்றார்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை அவர் செருப்பை மாட்டும்போது, கிரேஸி நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க?"

"நானும் வாறேன். பாக்கத்தானே போறிய."

கடையில் அவளைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "வாங்க தங்கச்சி. சாரு தூக்கித் தூக்கி வச்சதுல மூணு மெஷினுக்கும் கைப்பிடி தேஞ்சு போச்சு."

வளன் இருமினார்.

"அண்ணாச்சி, செங்கச் சொவத்துக்கு எது சரி?" என்றாள் கிரேஸி.

"பெருசும் நடுவுள்ளதும் போடும். கான்கிரீட்டுன்னா மூணுமே மூச்சு வாங்கும்."

"கை வலிக்காதது?"

"நடுவுள்ளது."

"அதுக்குப் பேட்டரி சொணங்குமாமே?"

"யாரு சொன்னா? கூட இன்னொரு பேட்டரி இருக்கு தங்கச்சி. ஒண்ணு ஓடும்போது ஒண்ணு சார்ஜுல கெடக்கும்."

கிரேஸி அதை வாங்கி, சந்தையில் மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோலக் கையில் ஏற்றி இறக்கினாள். "இதையே கட்டிக் குடுங்க." எதிர்க்கடையில் வளனுக்காக ஊற்றிய டீ இன்னும் ஆறியிருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் பைய அவர் காதுப் பக்கம் சாய்ந்தாள். "கம்பியில்லா மெஷினை வச்சே இத்தனை நாளு கம்பி நீட்டிட்டியளே."

வளன் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் கிரேஸி மெஷினோடு வந்து நின்றாள். அவரிடம் கடைசித் துருப்பு ஒன்று பாக்கியிருந்தது.

"இது வெளையாட்டுச் சாமான் இல்ல கிரேஸி. மணிக்கட்டைத் திருகிரும். இதுக்குன்னு ஒரு கைவாகு வேணும். சொவத்துக்குள்ள எங்கன வயரு ஓடுதுன்னு யோசிக்கணும். அவசரப்பட்டா ஆபத்து."

"சரி, படுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது எங்கேயோ இடித்தது. ஆனாலும் தூக்கம் அதைவிடப் பெரியது.

வண்டு குடைவது போன்ற சத்தம் கேட்டு எழுந்து அடுக்களைக்குப் போனார். பக்கத்து வீட்டு ஜுபைதா பீவி ஸ்டூலை இறுக்கிப் பிடித்திருந்தாள். மேலே கிரேஸி, பல்லில் ஒரு திருகாணி, தலையெல்லாம் செங்கல் தூள். மாதா புதுப் பலகையில் ஏறியிருந்தாள். சாக்கில் கிடந்த தட்டுகள் சுவர்ப் பலகையில் வரிசையாக நின்றன.

"வயரு ஓடுத எடம்?" என்றார் வளன்.

"சுவிச்சுக்கு நேரா மேலயும் கீழயும் தொடல. அவ்வளவுதானே."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து நாளாகியிருந்தது. வெட்கம் வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. நிம்மதிதான் முந்திக்கொண்டது. இனி ஆணி, திருகு, ஓட்டை எல்லாம் அவள் இலாகா. தோற்றதுபோலத் தெரிந்தாலும் ஜெயித்தது தான்தான். அந்த வாரம் முழுக்க, உரம் வரவில்லை என்பதைக்கூட அவர் உற்சாகமாகவே சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கிரேஸியைச் சூழ்ந்துகொண்டார்கள். தூர நின்ற வளனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாயை விரித்தார். தலை சாயுமுன் நிழல் விழுந்தது. கிரேஸியின் தோளில் மெஷின் பை.

"எந்திரிங்க. ஜுபைதாக்கா வீட்டுல திரைக்கம்பி மாட்டணும். பெறவு பெனிஷா டீச்சர் வீடு. பங்குச் சாமியாரும் அலமாரிக்குக் கேட்டிருக்காரு. எல்லாத்தையும் ஞாயித்துக்கெழமைக்கே ஒத்துக்கிட்டேன். மழைக்காலம் வரைக்கும் வேலை கெடக்கு."

"நீதான் நல்லாப் போடுதியே. போயிட்டு வா."

"நான்தான் போடப் போறேன். ஸ்டூலு ஆடுது. புடிக்க ஆளு வேணும்."

வளன் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஸ்டூல் புடிச்சுப் பழக்கமில்லையே, கிரேஸி."

"பழக்கம் வேண்டாம். முழிச்சிருந்தாப் போதும்."